ஓரத்தை வெட்டாதீர்கள்: பழைய உடற்கூற்றுப் படங்களை இணையத்தில் ஏற்றுவோருக்கு ஒரு திறந்த மடல்

பழைய உடற்கூற்று ஏடுகளைக் காத்துவரும் நூலகங்கள், அருங்காட்சியகங்கள், மருத்துவ, கால்நடை மருத்துவக் கல்லூரித் தொகுப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் அலமாரிகளில் முடங்கிக் கிடந்த மனித, விலங்கு உடற்கூற்றுப் படங்களை ஸ்கேன் செய்து எல்லோரும் பார்க்கும்படி ஏற்றிவருகிறீர்கள். உடற்கூறு கற்பிப்பவர்கள், கால்நடை மருத்துவர்கள், மருத்துவப் படம் வரைபவர்கள், பழைய அச்சு நுட்பத்தைப் படிப்பவர்கள் என்று இந்த மடலை எழுதும் எல்லோரும் அதன் பலனை நாள்தோறும் அனுபவிக்கிறோம். அதற்கு நன்றி. இப்போது குறைக்கு வருகிறோம். ஏற்றப்படும் படங்களில் பல பார்க்க அழகாக இருக்கின்றன, ஆனால் படிக்க முடிவதில்லை. உடற்கூற்றுப் படம் சுவரில் மாட்டுவதற்காகப் பிறந்ததில்லை. எழுத்து, எண், அளவு, எதிர்ப்பக்கத்து விளக்கம் எல்லாம் சேர்ந்தால்தான் அது முழுமை. அவற்றில் ஒன்றை நறுக்கினாலும் மிஞ்சுவது அலங்காரம்தான்.

முதலில் பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூற்றறிஞர் பார்தலோமியோ யூஸ்தாக்கியின் செப்புத்தகட்டுப் படங்களை எடுத்துக்கொள்வோம். 1552இல் செதுக்கி முடிக்கப்பட்ட 47 தகடுகள் அவை. அவர் உயிரோடிருந்தபோது வெளிவந்தவை 8 மட்டுமே, 1564இல். மற்றவை ஒன்றரை நூற்றாண்டு கிடப்பில் கிடந்து, 1714இல் போப்பின் மருத்துவர் லான்சிசியின் முயற்சியால் ரோமில் அச்சேறின. இந்தப் படங்களில் உடலின் மேல் எழுத்துகள் கிடையாது. நரம்பின் மேலோ தசையின் மேலோ A, B என்று எழுதினால் கோடுகள் மறையும் என்று யூஸ்தாக்கி வேறு வழி கண்டார். படத்தின் ஓரங்களில் அளவுகோல் போலக் கோடு கிழித்து எண்களைப் பொறித்தார். மேலிருந்து இத்தனை, பக்கத்திலிருந்து இத்தனை என்று இரண்டு எண்களைச் சொன்னால், இரண்டு நேர்கோடுகள் வெட்டும் இடத்தில் அந்த உறுப்பு இருக்கும். நிலப்படத்தில் ஊரைத் தேடுவது மாதிரியேதான்.

இப்படிப்பட்ட படத்தை ஏற்றும்போது என்ன நடக்கிறது? தானாக வெட்டும் மென்பொருள் ஓரத்து எண்பட்டையைச் சட்டகம் என்று நினைத்து நறுக்கிவிடுகிறது. அல்லது 'சுத்தமாக' இருக்கட்டும் என்று யாரோ ஒருவர் கையாலேயே நறுக்குகிறார். அதன்பின் அந்தப் படத்துக்கான விளக்கம் எதையும் பயன்படுத்த முடியாது. யூஸ்தாக்கி எழுதிய விளக்கம் கிடைக்காமல் போனதால், லெய்டன் உடற்கூற்றுப் பேராசிரியர் ஆல்பினஸ் 1744இல் இந்தப் படங்களுக்கென்றே தனி விளக்க நூல் எழுதினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓரம் போன ஸ்கேனைப் பார்த்தால், எண் இருக்கும், இடம் இருக்காது. ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள்: தாளின் நான்கு விளிம்புகளும், அவற்றுக்கு வெளியே ஒரு விரல் அகலத்துக்குப் பின்னணியும் தெரியும்படி மூலக் கோப்பை எடுங்கள். வெட்டிய வடிவம் வேண்டுமானால் அதைத் தனிக் கோப்பாக வையுங்கள். தாள் கோணலாக இருந்தால் மூலக் கோப்பிலும் கோணலாகவே இருக்கட்டும். நிமிர்த்தும்போது மென்பொருள் ஒவ்வொரு பிக்சலையும் மறுபடி கணக்கிட்டு நுண்கோடுகளை மழுக்கிவிடும்.

எழுத்துகளைப் பொறுத்தவரை ஒவ்வொருவருக்கும் ஒரு முறை இருந்தது. ஆல்பினஸ் 1747இல் லெய்டனில் வெளியிட்ட எலும்பு, தசைப் படங்களில், யான் வாண்டெலார் செதுக்கிய முழுநிழல் படத்தில் எழுத்து இல்லை. அதே உருவத்தை வெறும் கோட்டுருவமாகச் செதுக்கிய இன்னொரு தகட்டில்தான் எழுத்துகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே ஜோடி. கோட்டுருவம் பார்வைக்கு வறட்சியாக இருப்பதால் பல இடங்களில் அதை ஸ்கேன் செய்வதையே விட்டுவிடுகிறார்கள், அல்லது 'நகல்' என்று ஒதுக்குகிறார்கள். ஆனால் அதுதான் சாவி. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு இணைப்பும் கொடுங்கள். ஹென்றி கிரேயின் 1858ஆம் ஆண்டு நூலில் இந்தச் சிக்கல் இல்லை. ஹென்றி வான்டைக் கார்ட்டர் உறுப்புகளின் பெயரை உறுப்பின் மேலேயே எழுதிவிட்டார். மாணவர்கள் அந்த நூலை விடாமல் பற்றிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது எங்கள் எண்ணம்.

எந்த எழுத்து எந்த உறுப்பு என்று சொல்லும் குறிவிளக்கத்தை எழுத்துணரி மென்பொருளிடம் மட்டும் விடாதீர்கள். லத்தீன் எழுத்து தீர்ந்ததும் கிரேக்க எழுத்து, அதுவும் தீர்ந்ததும் நட்சத்திரம், சிலுவை என்று போவது பழைய ஏடுகளின் வழக்கம். மென்பொருள் கிரேக்க நியூவை v என்றும், நீண்ட s எழுத்தை f என்றும் படிக்கும். இப்படி ஒரு எழுத்து மாறினால் தமனி நரம்பாகிவிடும். ஒரு படத்தின் குறிவிளக்கத்தில் ஐம்பது வரி இருந்தால் ஐம்பதையும் ஒருவர் படத்தோடு ஒப்பிட்டுத்தான் திருத்த வேண்டும். குறுக்குவழி கிடையாது.

அடுத்தது எங்களுக்கு மிகவும் உறுத்துவது. இந்த உடல் எந்த உயிருடையது?

பட்டியல்களில் 'மனித உடற்கூறு' என்று ஒரு பெட்டி, 'விலங்கு உடற்கூறு' என்று ஒரு பெட்டி. படங்களோ அப்படிப் பிரிந்து நிற்பதில்லை. பண்டைய ரோமில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலென் அறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் குரங்கு, பன்றி, மாடு. அவர் எழுதியதை மனித உடலாகவே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் படித்தார்கள். காலெனைத் திருத்தியவராகப் பேசப்படும் பதினாறாம் நூற்றாண்டு உடற்கூற்றறிஞர் வெசாலியஸே 1538இல் வெளியிட்ட ஆறு தனித்தாள் படங்களில் கல்லீரலுக்கு ஐந்து மடல்கள் வரைந்திருக்கிறார். மூளையடியில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் உள்ள தமனி வலையையும் மனிதனுக்குச் சேர்த்திருக்கிறார். ஐந்தே ஆண்டு கழித்து, 1543இல் பாசலில் ஒபோரினஸ் அச்சிட்ட பெருநூலில் அவர் காலெனோடு வெளிப்படையாக மோதுகிறார். அதில் ஒரு படத்தைக் கிட்டத்தில் பாருங்கள்: மனித மண்டையோடு ஒன்று நாயின் மண்டையோட்டின் மேல் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. வேடிக்கைக்காக வைத்ததில்லை அது. மேல்தாடையில் முன்பற்களைத் தாங்கும் பகுதி நாய்க்குத் தனி எலும்பாகப் பொருத்துக்கோட்டோடு தெரியும். வளர்ந்த மனிதனின் முகத்தில் அந்தப் பொருத்துக்கோடு முன்புறம் தெரியாது. காலென் விவரித்தது நாயைத்தான் என்று காட்டவே இரண்டையும் ஒரே படத்தில் வைத்தார். இந்தப் படத்தை 'மண்டையோடு, மனிதன்' என்று மட்டும் பதிந்தால் வாதத்தில் பாதி போய்விட்டது. 'நினைவில் கொள் மரணத்தை' வகைப் படம் என்று பதிந்தால் முழுதும் போய்விட்டது.

அதே நூலின், தோலுரித்துத் தசை காட்டும் 'தசை மனிதர்' வரிசையில் ஐந்தாவது உருவம் இன்னும் சிக்கலானது. வயிற்றின் நேர்த்தசை மனிதனில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி மார்பின் மேலே ஏறிப் போகிறது. வெசாலியஸ் தவறிவிட்டார் என்று பலர் எழுதிவிட்டார்கள். உண்மையில் காலென் சொன்ன குரங்கின் அமைப்பைக் காட்டத்தான் அதை அப்படி வரைந்தார், விளக்கத்திலும் அதைச் சொல்லியிருக்கிறார். படத்தை மட்டும் ஏற்றி விளக்கத்தை விட்டதன் பலனே அந்தப் பழி.

லியனார்தோ தாவின்சி 1511 வாக்கில் வரைந்த கருப்பைக் குழந்தைப் படம் இதற்கு நேர் எதிர் வகை. குழந்தை மனிதக் குழந்தை. ஆனால் கருப்பைச் சுவரில் பொத்தான் பொத்தானாகத் தெரியும் நஞ்சுக்கொடி அமைப்பு பசுவினுடையது. மனிதருக்கு நஞ்சுக்கொடி ஒரே தட்டாக இருக்கும். இங்கே எந்த விளக்கமும் அதைச் சொல்லவில்லை, பார்ப்பவர்தான் கண்டுகொள்ள வேண்டும். மகப்பேறு பற்றிய கட்டுரைகளில் இந்தப் படத்தை எச்சரிக்கையின்றிப் போடுவதைப் பார்க்கும்போது, உங்கள் பதிவில் 'நஞ்சுக்கொடி: மாடு' என்று இரண்டு சொல் இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது.

ஆகவே பதிவுப் படிவத்தில் 'உயிரினம்' என்ற புலத்தில் ஒரு பெயருக்கு மேல் போட இடம் வையுங்கள். உறுப்புவாரியாகவும் போட முடிய வேண்டும். ஒப்பீட்டுப் படங்களுக்கு இது உயிர்நாடி. பியேர் பெலோன் 1555இல் பறவைகளைப் பற்றி எழுதிய நூலில் மனித எலும்புக்கூட்டையும் பறவை எலும்புக்கூட்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் நிறுத்தி, ஒத்த எலும்புகளுக்கு ஒரே எழுத்தைக் கொடுத்திருக்கிறார். பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யும் இடங்களில் இந்த ஜோடி இரண்டு கோப்பாகப் பிரிந்து, ஒன்று 'மனிதன்' பெட்டிக்கும் மற்றது 'பறவை' பெட்டிக்கும் போய்விடுகிறது. விரித்த நிலையில் இரண்டு பக்கத்தையும் ஒரே படமாகவும் ஒருமுறை எடுத்து வைத்தால் போதும். ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1795இல் தொடங்கி 1806இல் இறக்கும்வரை செய்துகொண்டிருந்த மனிதன், புலி, கோழி ஒப்பீட்டு ஓவியங்களில் மனித எலும்புக்கூடு நாலுகாலில் ஊர்வது போன்ற நிலையிலும் இருக்கிறது. பெயர் போடாவிட்டால் அதைக் குரங்கு என்றே பலரும் நினைப்பார்கள். அந்த ஓவியங்கள் 1957இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரப் பொது நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன, இப்போது யேல் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கின்றன. சொந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று பட்டியல்தான் சொல்ல வேண்டும்.

விலங்குப் படங்களில் உறுப்புப் பெயர்களையும் கவனிக்க வேண்டும். குதிரையின் முன்காலில் 'முழங்கால்' என்று பழைய விளக்கம் சொல்வது உண்மையில் மணிக்கட்டு. பழைய பெயரை எழுத்து மாறாமல் ஒரு புலத்திலும், இன்றைய பெயரை இன்னொரு புலத்திலும் போடுங்கள். மனிதனுக்கு 1998ஆம் ஆண்டுப் பன்னாட்டுச் சொல்பட்டியல் இருக்கிறது. கால்நடைகளுக்கு 1968இலிருந்து தனிப் பட்டியல் இருக்கிறது. ஒன்றை மற்றதற்குப் பயன்படுத்தினால் 'முன்', 'மேல்' என்ற திசைகளே குழம்பிப்போகும். நிமிர்ந்து நிற்கும் உடலின் முன்புறம் நாலுகால் உடலின் அடிப்புறம்.

இட வலப் பிழைக்கு வருவோம். அச்சு எப்போதும் கண்ணாடி பிம்பம்தான். தகட்டில் இடமிருப்பது தாளில் வலமாகும். முதல் செதுக்குநர் இதைக் கணக்கில் வைத்துத் திருப்பிச் செதுக்குவார். அச்சான படத்தைப் பார்த்து அப்படியே தகட்டில் நகலெடுப்பவர் பல சமயம் திருப்ப மெனக்கெட மாட்டார், நகல் இட வலம் மாறி வரும். எழுத்துகளை மட்டும் சரியாகச் செதுக்கியிருப்பார். ஆகவே எழுத்து நேராக இருப்பதை வைத்து உடலும் நேராக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. உள்ளுறுப்பு தெரியும் படமென்றால் சோதிப்பது எளிது. மனிதனுக்குக் கல்லீரல் வலத்தில், மண்ணீரல் இடத்தில், இதயத்தின் முனை இடப்பக்கம் சாய்ந்திருக்கும். மாட்டுக்குப் பெருவயிறு இடப்பக்கம், குதிரைக்குப் பெருங்குடல்வாய் வலப்பக்கம். தசை மனிதர்களிலும் எலும்புக்கூட்டிலும் இப்படிப் பிடிகொம்பு இல்லை. எந்தக் கை உயர்ந்திருக்கிறது, எந்தக் கால் முன்னே இருக்கிறது என்று மூலப் பதிப்போடு ஒப்பிட்டே சொல்ல முடியும். நகல் திருப்பி அச்சானது என்றால் அதைப் பதியுங்கள், படத்தைத் திருப்பிவிடாதீர்கள். 'சரி செய்து' ஏற்றிய படங்கள் சில சுற்றுகின்றன. உடல் நேராகி எழுத்தெல்லாம் இட வலம் மாறி நிற்கும். உறுப்புகள் இயல்பிலேயே இடம் மாறிய உடல்களும் அரிதாக உண்டு, அதையும் மறக்க வேண்டாம்.

'வெசாலியஸ் படம்' என்று பதிவாகும் பலவும் வெசாலியஸ் படமே இல்லை. தாமஸ் ஜெமினஸ் 1545இல் லண்டனில் செப்புத்தகட்டில் நகலெடுத்தார். வால்வெர்தே 1556இல் ரோமில் வெளியிட்ட 42 தகடுகளில் நான்கைத் தவிர மற்றவை வெசாலியஸைப் பின்பற்றியவை. தன் தோலைத் தானே உரித்துக் கையில் தொங்கவிட்டு நிற்கும் மனிதன் வால்வெர்தேயின் படம், அதையும் வெசாலியஸ் கணக்கில் எழுதுகிறார்கள். பிரித்தறிய உருப்பெருக்கி ஒன்று போதும். மரச்செதுக்கில் கோடு முனை மழுங்கி நிற்கும், தாளின் பின்புறம் எழுத்தும் அச்சும் இருக்கும். செப்புத்தகட்டில் கோடு ஊசிமுனையாகக் கூர்ந்து முடியும், படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய செவ்வகத் தழும்பு தெரியும். அந்தத் தழும்பும் ஓரத்தில்தான் இருக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பக்கவாட்டில் தாழ்வாக விளக்கு வைத்து ஒரு படம் எடுத்தால் தழும்பு நன்றாகத் தெரியும். மூல ஓவியமாக இருந்தால், தகட்டுக்கு மாற்றுவதற்காக ஊசியால் வரைந்து அழுத்திய தடங்களும் அந்த வெளிச்சத்தில்தான் எழுந்து வரும்.

ஆண்டைப் பதிவதிலும் இதே கவனம் தேவை. வெசாலியஸின் மூல மரக்கட்டைகள் பல நூற்றாண்டு பிழைத்திருந்து, 1934இல் மியூனிக்கில் அவற்றிலிருந்தே மறுபடி அச்சிட்டார்கள். பிறகு உலகப்போரின் குண்டுவீச்சில் அவை அழிந்தன. ஆகவே அதே கட்டை, அதே கோடு, 1543, 1555, 1934 எனப் பல ஆண்டுகளில் தாளேறியிருக்கிறது. ஸ்டப்ஸின் குதிரை உடற்கூற்றின் தலைப்புப் பக்கம் 1766 என்கிறது. தகடுகளைப் பிற்பாடும் அச்சிட்டார்கள். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் 1800க்குப் பிந்தைய நீர்க்குறி தெரியும் படிகளும் உண்டு. தகடு செதுக்கிய ஆண்டு, இந்தத் தாள் அச்சான ஆண்டு என்று இரண்டு புலம் வைத்தால் தீர்ந்தது. திருட்டுப் பதிப்புகளுக்கும் இதே மருந்து. கோவர்ட் பிட்லோ 1685இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட 105 படங்களையே, வில்லியம் கூப்பர் 1698இல் ஆங்கில விளக்கத்தோடு தன் பெயரில் ஆக்ஸ்ஃபோர்டில் வெளியிட்டார். தகடு ஒன்று, நூல் இரண்டு, விளக்கம் இரண்டு. வரைந்தவர் கெரார்ட் டி லெரஸ். அவர் பெயரை இரண்டு பதிவிலும் போடுங்கள்.

இனி அளவு. 'உயர் தெளிவு' என்று எழுதிவைத்து 300 பிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஏற்றுகிறீர்கள். கணக்கைப் பாருங்கள். செப்புத்தகட்டில் நிழல் தரும் கோடுகள் 0.1 மில்லிமீட்டர் வரை மெலியும். 300இல் ஒரு பிக்சல் 0.085 மி.மீ., அதாவது ஒரு கோட்டுக்கு ஒன்றே கால் பிக்சல்கூட முழுசாக இல்லை. 400இல் ஒன்றரை. 600இல்தான் இரண்டைத் தாண்டும். இரண்டுக்குக் கீழே போனால் அடுத்தடுத்த கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சாம்பல் திட்டாகும். தசை நாரின் திசையைக் காட்டத்தான் செதுக்குநர் அந்தக் கோடுகளை அப்படி வளைத்தார், போவது அந்தத் தகவல்தான். மரச்செதுக்குக்கு 400 தாங்கும். செப்புத்தகட்டுக்கு 600க்குக் குறையாதீர்கள். 40க்கு 30 செ.மீ. தாள் 600இல் சுமார் 9,450க்கு 7,090 பிக்சல் வரும். நிறத்துக்கு 8 பிட் வைத்தால் கிட்டத்தட்ட 200 எம்பி, 16 பிட் வைத்தால் 400 எம்பி. மூலக் கோப்பு சுருக்கப்படாத டிஃப் (TIFF) கோப்பாகப் பெட்டகத்தில் இருக்கட்டும், வாசகருக்குப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியோடு வேறு வடிவம் கொடுங்கள். முன்னோட்டப் படத்தைச் சிறிதாக்கும்போது இணைகோடுகள் மேல் அலையலையாகப் போலி வடிவம் தோன்றும். சிறிதாக்கும் முன் இலேசாக மழுக்கினால் அது மறையும். ஆல்பினஸின் பின்னணிகளில் இது மோசமாகத் தெரியும். எலும்புக்கூட்டின் பின்னால் நிற்கும் கிளாரா என்ற காண்டாமிருகத்தின் தோல் நெளிந்து மின்னுவதாகவே தோன்றும்.

ஒவ்வொரு படத்திலும் நிற அட்டையும் மில்லிமீட்டர் அளவுகோலும் தாளுக்குப் பக்கத்தில், தாளைத் தொடாமல் இருக்கட்டும். இது சடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். வில்லியம் ஹன்டரின் 1774ஆம் ஆண்டுக் கருப்பை நூலை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்கர்வில் அச்சிட்ட 34 படங்கள், யான் வான் ரிம்ஸ்டைக்கின் ஓவியங்களை வைத்துப் பெரும்பாலும் உண்மை அளவிலேயே செதுக்கியவை. அளவுகோல் இருந்தால் அதில் இன்றும் அளந்து பார்க்கலாம். இல்லாவிட்டால் கைபேசித் திரையில் அது இன்னொரு படம், அவ்வளவுதான். ஆல்பினஸ் விஷயத்திலும் அளவு முக்கியம். எலும்புக்கூட்டுக்கு நேர் முன்னால் ஒரு கயிற்று வலை, அதிலிருந்து விலகி அதில் பத்திலொரு பங்குக் கட்டங்களோடு இன்னொரு வலை என்று நிறுத்தி, வாண்டெலார் கட்டம் கட்டமாக வரைந்தார். நூலின் நடு மடிப்பில் விழுங்கப்பட்ட படத்தை மென்பொருளால் நீட்டி நிரப்பினால் அந்த உழைப்பு முழுவதும் வீண். நூலை 180 பாகைக்கு விரித்து முதுகை ஒடிக்கவும் வேண்டாம். 90 முதல் 120 பாகை வரை தாங்கும் தொட்டிலில் வைத்து, பக்கத்துக்குச் செங்குத்தாகக் கேமராவை நிறுத்துங்கள். மடித்துச் செருகிய பெரிய தாளை முழுதும் விரித்து ஒரே முறையில் எடுங்கள். பாதி பாதியாக எடுத்து ஒட்டினால் மடிப்புக் கோட்டில் தசை ஒன்று காணாமல் போயிருக்கும்.

தூக்கிப் பார்க்கும் மடல்கள் வைத்த படங்கள் தனிக் கதை. 1538இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஹைன்ரிஷ் ஃபோக்ட்ஹெர் வெளியிட்ட தனித்தாள்களிலிருந்து ரெமெலினின் பலஅடுக்குப் படங்கள் வரை எல்லாவற்றிலும் தோலைத் தூக்கினால் தசை, தசையைத் தூக்கினால் குடல் என்று போகும். மூடிய நிலையில் ஒன்றே ஒன்று எடுத்து ஏற்றுவது, பெட்டியை ஸ்கேன் செய்துவிட்டு உள்ளே இருப்பதை விட்டுவிடுவது. ஓர் அடுக்குத் தொகுதியில் ஐந்து மடல் இருந்தால் மூடிய நிலையோடு சேர்த்து ஆறு படம். தனித்தனித் தொகுதிகள் இருந்தால் ஒன்றை முடித்து மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள், எல்லாச் சேர்க்கைகளும் தேவையில்லை. மடலின் பின்புறத்திலும் அச்சு இருக்கும், அதையும் எடுக்க வேண்டும். நகத்தால் தூக்காதீர்கள். மெல்லிய பாலியஸ்டர் பட்டையை அடியில் நுழைத்து மெதுவாகத் தூக்குங்கள். கண்ணாடியை மேலே வைத்து அழுத்தினால் ஒட்டுமடிப்பில் புது மடிப்பு விழும், அடுத்த முறை அங்கேதான் கிழியும். ஏற்கெனவே கிழிசல் இருந்தால் அன்றைக்கு அந்தத் தாளை மூடிவிட்டுப் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள். செல்லோ டேப் பக்கமே போக வேண்டாம். மடல் உதிர்ந்துபோன தாள்களில், ஒட்டிய பசையின் அடையாளத்தைப் பதிந்து 'மடல் இல்லை' என்று எழுதுங்கள். பலர் அதைக் கறை என்று நினைத்து மென்பொருளால் துடைத்துவிட்டிருக்கிறார்கள்.

நிறத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. கோத்தியே தாகோத்தி 1740களில் செய்த வண்ண அச்சுகள் சிவப்பு, நீலம், மஞ்சள் தகடுகளோடு கறுப்புத் தகட்டையும் சேர்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தவை. பல படிகளில் மேலே வார்னிஷ் பூசியிருக்கும். சாதாரண விளக்கில் எடுத்தால் நெஞ்சுப்பகுதி முழுக்க வெள்ளைப் பளபளப்பாகிவிடும். விளக்குகளுக்கு, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் முனைவாக்கித் தாளும், கேமராவுக்கு அதற்குக் குறுக்காகத் திருப்பிய முனைவாக்கி வடிகட்டியும் போட்டால் பளபளப்பு போகும். ஆனால் நிறம் உண்மையைவிட ஆழ்ந்து வரும். ஆகவே வடிகட்டி இல்லாமலும் ஒன்று எடுத்து இரண்டையும் வையுங்கள். கையால் பூசிய வண்ணமா, அச்சிலேயே வந்த வண்ணமா என்பதும் பதிவில் இருக்க வேண்டும். கைவண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும்.

கறை நீக்குதல், வெண்மையாக்குதல், செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்குதல் பற்றி ஒரே வரி: கூடாது. கூர்மையாக்கும் மென்பொருள் இல்லாத நிழற்கோட்டைப் போடுகிறது, இல்லாத நரம்புக்கிளையையும் போடுகிறது. தலைமாட்டில் சிறிய எழுத்தில் எச்சரித்தாலும் படம் வெளியே போனபின் அந்த எச்சரிக்கை கூடவே போவதில்லை.

துடைப்பதால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கனமான உதாரணம் உண்டு. நாஜிக் கட்சிக்காரரான எடுவார்ட் பெர்ன்கோப்பின் உடற்கூற்றுத் தொகுதி 1937 முதல் வியன்னாவில் வெளிவந்தது. ஓவியர்களில் எரிக் லெப்பியரின் கையொப்பத்தில் ஸ்வஸ்திகாவும், கார்ல் எண்ட்ரெஸரின் கையொப்பத்தில் நாஜிப் படையான எஸ்.எஸ்.ஸின் குறியும் இருந்தன. பிந்தைய பதிப்புகளில் அவற்றைத் தூரிகையால் அழித்து அச்சிட்டார்கள். வியன்னாப் பல்கலைக்கழகத்தின் விசாரணை 1998இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாஜி ஆட்சிக்காலத்தில் மரணதண்டனைக்கு உள்ளான குறைந்தது 1,377 பேரின் உடல்கள் அங்கிருந்த உடற்கூற்று நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டன. அழித்த பதிப்பைப் பார்க்கிறவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. இந்தப் படங்களைக் காட்டுவதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். அறுவை மருத்துவர்கள் சிலர் இன்றும் அவற்றைத் தேடுகிறார்கள், அதற்கான நெறிமுறை விவாதமும் நடந்திருக்கிறது. காட்டினால், எந்தப் பதிப்பு, கையொப்பம் இருக்கிறதா, அழிக்கப்பட்டதா, உடல்கள் எங்கிருந்து வந்தன என்ற குறிப்பு ஒவ்வொரு படத்தின் பதிவிலும் இருக்க வேண்டும். தளத்தின் ஏதோ ஒரு பொதுப் பக்கத்தில் அறிக்கை வைத்தால் போதாது, தேடுபொறி வழியாக நேரே படத்துக்கு வருகிறவர் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. இது நாஜிக் காலத்துக்கு மட்டும் உரிய கேள்வியும் அல்ல. பிரிட்டனில் 1752ஆம் ஆண்டுச் சட்டம் கொலைக்குற்றவாளிகளின் உடல்களை அறுப்புக்குக் கொடுத்தது. 1832ஆம் ஆண்டுச் சட்டம், உறவினர் கேட்காத ஏழைகளின் உடல்களுக்கு வழி திறந்தது. பதிவு இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் 'உடலின் மூலம் தெரியவில்லை' என்று எழுதுங்கள். வெற்றிடமாக விட்டால் யாரும் தேடிப் பார்க்கவில்லை என்றுதான் பொருள் கொள்வார்கள்.

கருப்பை, பிறப்புறுப்புப் படங்களுக்கு முன் ஒரு வரி எச்சரிக்கை வைப்பதில் எங்களுக்கு மறுப்பு இல்லை. மங்கலாக்கி வைக்காதீர்கள். மருத்துவ மாணவர் தேடும்போது அந்தப் படங்கள் மட்டும் கிடைக்காமல் போகின்றன.

எல்லாவற்றையும் மறுபடி ஸ்கேன் செய்யப் பணமும் ஆளும் இல்லை என்பீர்கள். புரிகிறது. அப்படியானால் வரிசை இது. ஓரம் வெட்டப்பட்டவற்றில் யூஸ்தாக்கி முறை எண்பட்டை உள்ளவை முதலில், மடல் உள்ளவை அடுத்து, கோட்டுருவ ஜோடி விடுபட்டவை அதற்கடுத்து. இவற்றுக்கு மட்டும் மறு ஸ்கேன் போதும். உயிரினம், இட வலம், அச்சான ஆண்டு ஆகியவற்றுக்குத் தாளைத் தொடவே வேண்டாம், இருக்கிற படத்தைப் பார்த்தே பதிவைத் திருத்தலாம். அந்த வேலையில் எங்களால் கைகொடுக்க முடியும். ஒவ்வொரு படத்துக்கும் மாறாத முகவரியும், பிழை சுட்ட ஒரு பெட்டியும், சுட்டிய பிழை எப்போது யாரால் ஏற்கப்பட்டது அல்லது ஏன் மறுக்கப்பட்டது என்று தெரியும் வரலாறும் வையுங்கள். எந்த எலும்பு நாயுடையது, எது மனிதனுடையது என்று பார்த்துச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். சொல்ல இடம்தான் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் படங்களை நாள்தோறும் பயன்படுத்தும் உடற்கூறு ஆசிரியர்கள், கால்நடை மருத்துவர்கள், மருத்துவ ஓவியர்கள்